ஜீப்பைத் தயார் செய்கிறவர்

தயார் செய்கிறவர் என்று ஒரு மனித வகை உண்டு. மலேசியாவில் எங்கள் ஈப்போவில் மட்டுமல்ல, சித்தியவானிலும் சிலிம் ரிவரிலும்கூடப் பார்த்திருக்கிறேன். அவரைக் கண்டுபிடிக்க முகத்தைத் தேடி அலையாதீர்கள், கால்களைத் தேடுங்கள். ஏதாவது ஒரு பழைய வண்டியின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றில் ஜப்பான் சிலிப்பர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, பக்கத்தில் ஆறிப்போன காப்பி ஒன்று ஈக்களை வரவேற்றுக்கொண்டிருக்கும். "அண்ணே, எப்ப ரோட்டுக்கு வருது?" என்று கேட்டுப் பாருங்கள். அடியிலிருந்து பதில் வரும்.

"இன்னும் ஒரே ஒரு வேலைதான்லா."

அந்த ஒரே ஒரு வேலைக்கு மட்டும் சாவே கிடையாது.

எங்கள் ஜெலாப்பாங் தாமான் குடியிருப்புக்குக் கிடைத்தவர் மாயாண்டி. என் அடுத்த வீட்டுக்காரர். பகலில் மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஜீப். எழுபத்தெட்டில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியபோது, மானேஜர் துரை இருபது வருஷமாக மேட்டிலும் சேற்றிலும் ஓட்டித் தீர்த்த ஜீப்பை மலிவாகத் தள்ளிவிட்டார்கள்; மாயாண்டி வாங்கிவிட்டார். மைல் மீட்டர் ஒரு முழுச் சுற்றாவது சுற்றி, பூஜ்யத்திலிருந்து மறுபடி புறப்பட்டு, நாற்பதாயிரத்தில் ஓய்வு பெற்றிருந்தது. ஒரு சுற்றா, இரண்டு சுற்றா என்று சொல்லக்கூடிய ஒரே ஆளான துரை சீமைக்குப் போய்விட்டார்.

"எதுக்குண்ணே இது?" என்று கேட்டேன்.

"நவமணிக்குத்தான், பத்துமலை. தெனமும் வேலைக்குக் கொண்டுபோய் விடணும். பஸ்ஸுக்கு நின்னு நின்னு அவளுக்குக் கால் வீங்கிப்போவுது."

பத்துமலை நான்; நவமணி அவர் மனைவி. ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டன்ட். ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அவ்வளவு நல்ல நோக்கத்தோடு வாங்கப்பட்ட வாகனம் எங்கள் தாமானில் வேறெதுவும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஜீப் சிலிம் ரிவரிலிருந்து ஜெலாப்பாங் வரை அறுபது மைல் தன் சொந்த எஞ்சினில் வந்தது. மாயாண்டிதான் ஓட்டினார். நவமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காம்பாரில் நிறுத்தி இரண்டு பேரும் மீ கோரிங் சாப்பிட்டார்கள். மழை பெய்தது, கோப்பெங் மேட்டில் லாரியைக்கூட முந்தினார்கள், வண்டி ஒரு முனகல் முனகவில்லை. ஆனால் வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்கும்போது மாயாண்டியின் காதில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழுந்தது.

அன்றோடு ஜீப்பின் ஓட்டம் முடிந்தது. தயாரிப்பு தொடங்கியது.

அவருக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். தெரிந்ததுதான் ஆபத்து. எஞ்சின் ஆயிலை மாற்றினார், ஆயிலை மாற்றும்போது கியர் ஆயிலும் கருத்திருப்பதைக் கண்டு அதை மாற்றினார், அதற்காகப் படுத்தபோது பிரேக் குழாய் லேசாக வெடிப்பு விட்டிருப்பது கண்ணில் பட்டது, பிரேக்கைப் பிரித்தபோது ஸ்பிரிங் புஷ் தேய்ந்திருந்தது, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டோமே, இதோடு ரேடியேட்டரையும் இறக்கிவிடலாமே என்று தோன்றியது, ரேடியேட்டரை இறக்கினால் ஃபேன் பெல்ட் கண்ணெதிரே தொங்குகிறது, பெல்ட்டைப் புதிதாக மாட்டினால் பழைய வாட்டர் பம்ப் அதன் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிகிறது. இப்படி முன்னாலிருந்து பின்னால் போய்ச் சேர்வதற்குள் முதலில் மாற்றிய ஆயில் பழசாகிவிட்டது. நின்ற இடத்திலேயே நின்று பழசான ஆயிலைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதையும் அவர் மாற்றினார்.

ரோட்டையே பார்க்காத அந்த வண்டிக்கு வருஷம் தவறாமல் ரோடு டேக்ஸும் இன்சூரன்ஸும் எடுத்தார். கேட்டால், "நாளைக்கே ரெடியாயிட்டா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் தர்பார் நடக்கும். ஜீப்பின் முன்மூடி திறந்திருக்கும். தாமானில் யார் வண்டி இருமினாலும், தும்மினாலும், அங்கே வந்து நிற்கும். "அண்ணே, காலையில ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது." மாயாண்டி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "பிளக்கைக் கழட்டி தொடைச்சு மாட்டு" என்பார். அது ஓடிவிடும். பிளக்கைத் துடைத்த அத்தனை பேரும் திங்கட்கிழமை தத்தம் வண்டியில் வேலைக்குப் போவார்கள். வைத்தியர் மட்டும் தொழிற்சாலை பஸ்ஸில் போவார்.

நவமணி? அவர் முதல் வருஷம் கேட்டார். "இந்த மாசம் முடிஞ்சிடுமா?" இரண்டாம் வருஷமும் கேட்டார். "தீபாவளிக்குள்ளயாவது?" மூன்றாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டார். மாயாண்டி இதை மனைவிக்குத் தன்மேல் நம்பிக்கை வந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். "இப்பல்லாம் அவ ஒண்ணும் தொந்தரவு பண்றதில்ல" என்று முகம்மது கௌஸின் தேத்தண்ணிக் கடையில் பெருமையாகச் சொன்னார்.

கௌஸ் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "அப்பதான்யா பயப்படணும்" என்றார்.

நவமணி கேட்காததற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மழைக்காலத்தில் முதல் பஸ் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. தாமதமாக வந்ததற்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது கொடுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் கடிதத்தை அவர் கணவரிடம் காட்டினார். மாயாண்டி மிகவும் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்திலேயே போய் கார்புரேட்டரைப் பிரித்தார். இரண்டாவது கடிதத்தை நவமணி காட்டவில்லை. என் மனைவியிடம் காட்டினார். அதனால்தான் எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தன் ஓய்வு நாட்களில் ஈப்போவுக்குப் போய் வர ஆரம்பித்தார். தையல் வகுப்பு என்று மாயாண்டி நினைத்தார். அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே நினைத்துக்கொண்டார்.

எண்பத்தொன்று நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. விடியும்போதே மழை. அன்று ஏழரைக்கு மேட்ரன் முன்னால் நவமணி நிற்க வேண்டும். நிரந்தரமா, இல்லையா என்று அன்று சொல்லிவிடுவார்கள். ஆறு மணி பஸ் வரவில்லை. ஆறரை ஆயிற்று, வரவில்லை. நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நவமணி குடையோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தார். வேகமாக வரவில்லை, நிதானமாகத்தான் வந்தார். கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். ஜீப்பின் சீட்டில் இருந்த நட்டு போல்ட்டு பிஸ்கட் டின்னை எடுத்து வாசற்படியில் வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு டவலை எடுத்து மடித்துச் சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். சோக்கை இழுத்தார். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்கே பாடம் நடந்த வீட்டில் அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது.

மாயாண்டி குளியலறையிலிருந்து இடுப்பில் கட்டிய சாரோங்கோடு ஓடி வந்தார், தலையில் சோப்பு நுரை.

"நவமணி! என்ன பண்ற? லைசென்ஸ்?"

நவமணி கைப்பையைத் தட்டிக் காட்டினார். "போன மாசமே எடுத்துட்டேன்."

"அதுக்கில்ல, வண்டி இன்னும் ரெடியாகலலா! பக்கக் கண்ணாடி மாட்டல! ஒரிஜினல் கெடைக்கலன்னுதானே வெச்சிருக்கேன்! பின்னாடி என்ன வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நவமணி தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். "பின்னாடி நீங்கதான் நிக்கிறீங்க. தெரியுது. கொஞ்சம் தள்ளிக்குங்க."

அவர் தள்ளிக்கொண்டார். ஜீப் பின்னால் வந்து, திரும்பி, மழைக்குள் போய்விட்டது.

அடுத்த நிமிஷம் மாயாண்டி என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருந்தார். ஒரு கையில் ஸ்பேனர் பை, மறுகையில் என் இடுப்பு. "விடு பத்துமலை, அந்தப் பாலத்து மேட்டுல நிக்கும். கிளட்ச் தாங்காது." பாலத்து மேட்டில் ஜீப் இல்லை. "அப்ப ட்ராஃபிக் லைட்டுல நிக்கும். சூடாயிடும்." ட்ராஃபிக் லைட்டில் மீன் லாரிதான் நின்றது. வழி நெடுக ரோட்டில் எண்ணெய்ச் சொட்டு தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார், நான் இரண்டு தடவை சறுக்கப் பார்த்தேன். போகப் போக அவர் குரல் இறங்கியது. முதலில் 'நிக்கும்' என்றவர், பிறகு 'நிக்கணுமே' என்றார், கடைசியில் என் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அங்சானா மரத்தடியில், இரண்டு கார்களுக்கு நடுவில், ஜீப் கோடு போட்டாற்போல நேராக நின்றது. மாயாண்டி ஈரத் தரையில் சாரோங்கோடு படுத்து அடியில் பார்த்தார். கையை நீட்டித் தடவிப் பார்த்தார். எழுந்து வந்து என்னிடம் விரல்களைக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை.

சந்தோஷப்பட வேண்டாமா? அவர் முகம் செத்த வீட்டுக்குப் போய் வந்த முகமாக இருந்தது.

திரும்பி வரும்போது கௌஸ் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரு நாள் சம்பளம் போயிற்று.

"பாய், அது ஓடிருச்சு" என்றார் மாயாண்டி.

"ஓடத்தானேய்யா மூணு வருஷமா பண்ணுன?"

மாயாண்டி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஃபேக்டரில எட்டு வருஷமா நான் ஒரே நட்டத்தான் முடுக்குறேன், பாய். சூப்பர்வைசர் மணி அடிச்சா எடுக்கணும், மணி அடிச்சா வெச்சிடணும். இந்த ஜீப்புலதான், நான் முடிஞ்சிச்சுன்னு சொன்னாத்தான் முடியும்." கிளாஸைத் தள்ளி வைத்தார். "அவ பஸ்ஸுக்கு நின்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சிக்கிட்டிருந்தேன்."

கேலி செய்வதற்கென்றே நான் சேர்த்து வைத்திருந்த நாலைந்து வார்த்தைகளையும் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். கௌஸ் ரொட்டி சானாய் ஒன்றை மாயாண்டி முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

சாயந்திரம் ஜீப் திரும்பியது. நவமணி இறங்கினார். வேலை நிரந்தரமாகிவிட்டது. இதை அவர் உரக்கச் சொல்லவில்லை. கடிதத்தைக் கணவர் கையில் கொடுத்தார். மாயாண்டி அதை இரண்டு தடவை படித்தார். "நான் கொண்டாந்து விட்டிருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றார் நவமணி. கொஞ்சமும் மழுப்பவில்லை. பிறகு, "பிரேக் மிதிச்சா எடது பக்கம் இழுக்குது" என்றார்.

மாயாண்டியின் முகத்தில் விளக்குப் போட்டாற்போல ஆயிற்று. "இழுக்குதா? அப்ப டிரம்ம கழட்டி, அப்படியே அந்த..."

"சனிக்கிழமை சாயங்காலம் தாரேன். திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு எனக்கு வண்டி வேணும். பிரேக்கு மட்டும்தான். வேற எதையாவது கழட்டுனீங்கன்னா, நீங்கதான் என்னைத் தூக்கிட்டுப் போவணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தர்பார் நடக்கவில்லை. வந்தவர்களையெல்லாம் மாயாண்டி, "நேரமில்லலா, பொறவு வா" என்று விரட்டினார். சக்கரத்தைக் கழற்றினார், பிரேக்கைச் சரி செய்தார். பக்கத்தில் தேய்ந்த ஒரு புஷ் அவரைப் பார்த்துக் கண்ணடித்தது; அதை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். பெருமூச்சு விட்டுச் சக்கரத்தை மாட்டினார். அந்தி சாயும்போது ஜீப் நாலு காலில் நின்றது. ஒரு வேலையை முடித்துவிட்ட மனிதனை நான் அவர் உருவத்தில் அன்றுதான் முதலில் பார்த்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "வா நவமணி, ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, பழக்கமில்லாத வெட்கத்தோடு, பக்கத்துச் சீட்டில் போய் ஏறிக்கொண்டார்.

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஜீப் இல்லை, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, ஆகவே நீங்கள் இந்த வகையில் சேர்த்தி இல்லை. நல்லது. உங்கள் வீட்டு வரவேற்பறை சோபாவுக்குக் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டீர்களா? விருந்தாளிக்கென்று கண்ணாடி அலமாரியில் அடுக்கிய பீங்கான் தட்டில் உங்கள் பிள்ளைகள் ஒரு நாளாவது சாப்பிட்டார்களா? 'எல்லாம் சரியானதும் கூட்டிப்போறேன்' என்று யாருக்கோ சொன்னீர்களே, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாரா?

கேட்டுக்கொண்டிருந்தால் பிழைத்தீர்கள். இப்போதெல்லாம் அவர் ஒன்றும் தொந்தரவு செய்வதில்லை என்றால், எதற்கும் விசாரித்து வையுங்கள். ஓய்வு நாட்களில் எங்கேயோ வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பார். தையல் வகுப்பாக இருக்காது.