விசில் நைனா கொடுத்த கை

அபிராமபுரம் விசில் நைனாவைவிடச் சத்தமான மனிதரைக் கண்டதில்லை. அவர் தும்மினால் அடுத்த தெருவில் நிற்கும் கார்கள் கத்தும். அப்படிப்பட்டவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது, சென்னையிலேயே யாரும் வாய் திறக்காத ஓர் இடத்தில்.

அது குவேக்கர் சபையாரின் கூட்ட வீடு. நான் அங்கே தோட்டக்காரன். குவேக்கர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, மணி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இருபது பேர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். பதினோரு மணிக்குப் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அதோடு ஆராதனை முடிந்தது. நானும் கடைசி பெஞ்சில் உட்காருவதுண்டு. கை குலுக்கக் கூச்சம். அதனால் ஐந்து நிமிடம் முன்னதாகவே செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவேன். மழைக்காலத்திலும்.

நைனா ஆதம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஆண்கள் எல்லோரையும் 'நைனா' என்றே கூப்பிடுவதால் அவருக்கும் அதுவே பெயர். முதல் ஞாயிறு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இருபது பேரும் கண் மூடி, தலை தொங்கிக் கிடந்தார்கள். காபியில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்து, உள்ளே ஓடிவந்து விசிலை ஊதினார். பெரியவர் ஒருவர் பெஞ்சிலிருந்து சரிந்தே விட்டார்.

"இன்னாம்மா இது? யாரும் ஆடல, அசையல. உயிரு கீதா இல்லியான்னு பாத்தேன்" என்றார், சபைச் செயலாளர் டீச்சரம்மாவிடம்.

"ஜெபம் பண்றோம்யா."

"சத்தமே இல்லாமயா? அப்பாலிக்கா சாமிக்கு எப்டிம்மா கேக்கும்?"

டீச்சரம்மா மூன்று விதிகள் சொன்னார். பத்திலிருந்து பதினொன்று வரை விசில் கூடாது. வாசல் கதவைப் பூட்டவும் கூடாது. யார் வந்தாலும் ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது.

"பூட்டாத கதவுக்கு எதுக்கும்மா வாட்ச்மேன்?"

டீச்சரம்மா கண்ணை மூடி யோசித்தார். பதில் இன்னும் வரவில்லை.

வாயால்தானே கேட்கக் கூடாது? நைனா வாசல் கேட் அருகே ஒரு நோட்டு வைத்தார். பெயர், செல் நம்பர், வந்த காரியம். ஒரு மாதம் கழித்து என்னைப் படிக்கச் சொன்னார். நான் ஐந்தாவது வரை படித்தவன். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். காரியம் என்ற இடத்தில் எல்லோரும் எழுதியிருந்தது, 'சும்மா உட்கார.'

"இதுக்கு வூட்லயே குந்திக்கினு இருக்கலாமே!" என்று நோட்டை மூடினார்.

அதன் பிறகு வாசலில் கழற்றி விடும் செருப்புகளை மனப்பாடம் செய்தார். யார் வந்தார், யார் போனார் எல்லாம் செருப்பைப் பார்த்தே சொல்வார். புதுச் செருப்பு வாங்கிய ஒருவரை ஒரு மாதம் நம்பவேயில்லை.

இரண்டாவது விசில் ஒரு பூனைக்கு. மூன்றாவது கூரியர் பையனுக்கு. கமிட்டி கூடி, இன்னொரு முறை ஊதினால் வேலை இல்லை என்று மிகவும் அன்பாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் செல்வி விவகாரம் வந்தது. சமையலறையையும் ஹாலையும் பார்த்துக்கொண்டவள் அவள். கோடம்பாக்கத்தில் குடித்துவிட்டு அடிக்கும் புருஷனை விட்டு வந்து, பின்பக்க அறையில் தங்கியிருந்தாள். எங்கே இருந்தாலும் இழுத்துப் போவேன் என்று அவன் போனில் மிரட்டிக்கொண்டிருந்தான். அவன் போட்டோவை நைனாவிடம் நீட்டினாள். நைனா அதை வாங்கவே இல்லை.

"தாடி வுட்டா மூஞ்சி மாறிடும் தங்கச்சி. செருப்பு எப்டி இருக்கும், அத சொல்லு."

"செவப்பு வாருண்ணா. எடது காலுல கம்பி கட்டியிருப்பான்."

ஒரு ஞாயிறு பத்தேகாலுக்கு அவன் வந்தான். நைனா மோட்டார் போடப் போயிருந்த நேரம். ஹாலைத் தாண்டித்தான் சமையலறை. செருப்பை உதறிவிட்டு வேகமாக நுழைந்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் புன்னகைத்து, நகர்ந்து இடம் கொடுத்தார். அவ்வளவு அமைதியில் கத்த அவனுக்கே வாய் வரவில்லை போலும், உட்கார்ந்துவிட்டான். கண் மட்டும் சமையலறைக் கதவில். உள்ளே செல்வி டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

வாசலுக்கு வந்த நைனா சிவப்பு வாரைப் பார்த்தார். விசில் உதடு வரை போய், சட்டைப் பைக்குத் திரும்பியது. வேலை போய்விடுமெனப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "ஊதியிருந்தா எகிறி உள்ள பூந்திருப்பான். கதவு அவனாண்ட கீது, எனக்கு தூரம்" என்று பிறகுதான் சொன்னார். கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்துச் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, அவனை ஒட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சுற்றிப் போய், பின்வாசல் வழியாகச் செல்வியைப் பக்கத்து வீட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். குழாயை மட்டும் மூடவில்லை. தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று. டாக்டரம்மா போலீசுக்குப் போன் செய்தார். நான் திரும்பி வந்து ஜன்னலில் நின்றேன். மணி பதினொன்று ஆகிவிட்டது, போலீஸ் வரவில்லை. எல்லோரும் கண் திறந்தார்கள்.

நைனா அவன் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வணக்கம் நைனா."

"சரி, வுடு."

"இங்க இதான் பயக்கம், நைனா."

"யோவ், கைய வுடுய்யா!"

"மெதுவா பேசு. ஜெபம் பண்ற எடம்."

தூரத்திலிருந்து பார்த்த சபையாருக்கு நெஞ்சம் உருகிவிட்டது. நைனாவா இப்படி! ஒவ்வொருவராக வந்து அவனுடைய இன்னொரு கையைக் குலுக்கினார்கள். "முதல் தடவையா வரீங்களா? மனசுக்கு நல்லா இருந்துச்சா?" என்று டீச்சரம்மா கேட்டார். யாரோ பிஸ்கட் கொண்டுவந்தார்கள். வாங்க அவனிடம் கை இல்லை. வாயில் ஊட்டினார்கள். எங்கள் சபையில் அவ்வளவு அன்பாக யாரும் வரவேற்கப்பட்டதில்லை. இருபது நிமிடம் கழித்து இரண்டு பெண் போலீஸ்காரர்கள் வந்தபோது, அவனே ஓடிப்போய் ஜீப்பில் ஏறாத குறை. அதன் பிறகு அவன் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

கமிட்டி மறுபடி கூடியது. விசில் ஊதப்படவில்லை என்பதால் பேச ஒன்றுமில்லை என்று கலைந்தது.

போன வருடம் முழங்கால் வலியால் நைனா வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போனார். இப்போது கேட்டில் கேமரா இருக்கிறது. அதற்குச் செருப்பு தெரியாது. அவர் விட்டுப்போன விசிலைச் செல்வி அடுப்படி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

போகிற அன்று தோட்டத்துக்கு வந்து கையை நீட்டினார். என் கையெல்லாம் மண். துடைக்க விடவில்லை, பிடித்துக் குலுக்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை.