எட்டுத் துப்பாக்கிக்கு மட்டும் இடமுள்ள அலமாரி

எல்டன் ஹோக்லண்ட் ஒன்பதாவது துப்பாக்கியை வாங்கிவிட்டார். அலமாரியில் எட்டுக்குத்தான் இடம் என்பது வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது என்று அவர் சொல்வார். நம்பாதீர்கள். பணத்தை நீட்டும்போதே நன்றாக ஞாபகம் இருந்தது.

எட்டு என்பது மனைவி வெர்னா போட்ட சட்டம். கல்யாணமான மூன்றாம் வருஷம் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கப் போன மனிதர் ஒரு துப்பாக்கியோடு திரும்பி வந்தார். அன்றைக்கு வெர்னா கத்தவில்லை. அவருடைய சட்டைகளைத் துவைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாள், அவ்வளவுதான். பதினோராம் நாள் எல்டனே தச்சனைக் கூப்பிட்டு துப்பாக்கியை நிறுத்த எட்டுப் பள்ளம் உள்ள அலமாரி ஒன்று செய்யச் சொன்னார். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். மொண்டானாவில் அவர்கள் வாழும் பள்ளத்தாக்கு முழுக்க இந்த ஒப்பந்தம் தெரியும்.

கடையில் விற்கும் செப்புத்தோல் போர்த்திய குண்டு எல்டனுக்கு ஆகாது. "அது ரெடிமேட் சட்டை. நம்ம குண்டு தையக்காரன் அளவெடுத்துத் தெச்சது" என்பார். டயர் கடைகளில் சக்கரத்திலிருந்து கழற்றிப்போடும் ஈயக் கட்டிகளை வாளி வாளியாக அள்ளி வருவார். கராஜ் கதவைத் திறந்துவைத்து, ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, வெள்ளி மாதிரி மின்னும் குண்டுகளைப் பழைய துண்டின் மேல் தட்டுவார். முன்பு ஒரு தடவை வெர்னாவின் ஜாம் சட்டியில் உருக்கிவிட்டார். அந்தச் சட்டி இப்போது கராஜில்தான் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

குண்டு வார்ப்பதோடு அவர் பொறுமை தீர்ந்துவிடும். மீதி வேலை வெர்னாவுடையது. கராஜ் மேஜையில் உட்கார்ந்து, ரேடியோ கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு குண்டாகக் கைப்பிடி வைத்த சின்ன இயந்திரத்தில் அழுத்துவாள். துப்பாக்கியின் குழலுக்கு ஏற்ற அளவில், தேன்மெழுகு பூசிக்கொண்டு, குண்டு வெளியே வரும். முப்பது வருஷமாகச் செய்கிறாள். எல்டனின் கணிப்பு என்னவென்றால், அவளுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எட்டில் அவருடைய உயிர் ஒன்றில்தான். கீழே ஒரு வளையம் வைத்து, அதை இழுத்து இழுத்துச் சுடுகிற பழைய நெம்புத் துப்பாக்கி. கட்டையில் வலது பக்கம் ஒரு நீளக் கீறல். லாரியிலிருந்து விழுந்தபோது பட்டது. ஈயக் குண்டைப் போட்டால் நூறு கஜத்தில் ஒரு பிஸ்கட் அளவுக்குள் ஐந்தையும் வைக்கும். மற்ற ஏழையும்கூட "எனக்குப் பிடிச்சது" என்றுதான் சொல்வார். ஆனால் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது இதனிடம் மட்டும் பேசுவார்.

ஒன்பதாவது இதனுடைய இரட்டை. அதே வயசு, அதே நீளம், அதே நிறம். பக்கத்து ஊர்ச் சந்தையில் பார்த்தார். காலே நகரவில்லை. அந்த இடத்திலேயே ஒரு திட்டம் பிறந்தது.

திட்டம் இதுதான். இரட்டையில் ஒன்று அலமாரியில் இருக்கும். இன்னொன்று பக்கத்துப் பண்ணைக்காரர் மெர்லுடைய கொட்டகையில் இருக்கும். வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். வெர்னா எப்போது எண்ணினாலும் எட்டுதான். ஒரு வித்தியாசமும் தெரியக்கூடாது என்று புதுத் துப்பாக்கியின் கட்டையில் ஸ்க்ரூ டிரைவரால் அவரே ஒரு கீறல் போட்டார். பழைய கீறலைவிட அழகாக வந்தது.

மெர்லுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"யாராவது பாத்து யாரோடதுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"உன்னோடதுன்னு சொல்லுவேன்."

"நாசமாப் போச்சு. உன்னோடதுன்னு சொல்லுப்பா."

"அதான் சொன்னேன், உன்னோடது."

"மெர்ல், 'என்னோடது'ன்னு சொல்லு. மெர்லோடது. யார் கேட்டாலும். என்ன கேட்டாலும்."

"என்னோடது" என்றார் மெர்ல். அவர் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். எல்டனுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

வாராவாரம் போய்வர வெர்னாவிடம் சொன்ன சாக்கு, மெர்ல் துப்பாக்கியின் குறிபார்க்கும் முள்ளைச் சரிசெய்கிறான் என்பது. பதினோரு வாரம் சரிசெய்தான். சின்ன வீடு வைத்திருப்பவன்கூட இப்படி நீளப் பையைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி ஓடியிருக்க மாட்டான்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. புதியதின் குழல் ஒரு மயிரிழை அகலம் கூடுதல். பழையதற்கு வெர்னா அழுத்திக் கொடுக்கும் ஒல்லிக் குண்டு இதற்குள் தொளதொளவென்று போய், சுட்டால் நாலு திசையிலும் சிதறியது. அச்சிலிருந்து வந்தபடியே, அழுத்தாத குண்டுதான் இதற்குச் சரி.

"வெர்னா, இதுல ஒரு இருநூறு அழுத்தாம வெச்சிரும்மா. மெழுகு மட்டும் போடு."

"ஏங்க?"

"சும்மா. ஒரு ஆராய்ச்சி."

"சரி" என்றாள் வெர்னா. ரேடியோவில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைத்தான் கவனிக்கிறாள் என்று எல்டன் நினைத்தார்.

இலையுதிர் காலம் வந்தது. ஊர்த் தீயணைப்புப் படைக்கு ஆண்டுதோறும் நிதி திரட்டும் குலுக்கல். முதல் பரிசு எப்போதும் துப்பாக்கிதான். வெர்னாதான் குலுக்கல் கமிட்டியின் தலைவி. ஒரு செவ்வாய்க்கிழமை, மான்கறிக் குழம்பைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் பரிசுத் துப்பாக்கி நம்ம வீட்டுலேர்ந்துன்னு சொல்லிட்டேன்."

எல்டனின் கரண்டி நின்றது. "எது?"

"அந்தக் கீறல் விழுந்தது. எல்லாருக்கும் அதைத் தெரியும். டிக்கெட் பிச்சுக்கிட்டுப் போகும்."

"வெர்னா. அது என் உயிரும்மா."

"தெரியுமே. அதனாலதான் கமிட்டியில நாலு பேர் கண்ணு கலங்கிட்டாங்க. உங்களுக்கு மனசு வரலன்னா சொல்லுங்க, இல்லன்னு சொல்லிடறேன். கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும்."

எல்டனுக்கு மூன்றாவது வாயில் மூளை வேலை செய்தது. கீறல் விழுந்தது ஒன்றா இருக்கிறது? தொளதொளக் குழலை அலமாரியில் வைத்துத் தானம் செய்துவிடலாம். உயிர் கொட்டகையில் பத்திரமாக இருக்கும். தானம் செய்தால் அலமாரியில் ஒரு பள்ளம் காலியாகும். ஒரு மாசம் கழித்து, 'பாவம், மெர்ல் மனசு கேக்காம அதே மாதிரி ஒண்ணு குடுத்துட்டான்' என்று சொல்லி உயிரை வாசல் வழியாகவே கொண்டுவரலாம். சட்டத்துக்குச் சட்டம். பேருக்குப் பேர். இவ்வளவு நல்ல மூளையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஏன் வீணாக்கினோம் என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"ஊருக்காகக் குடுக்கறேன்" என்றார். குரல் சரியாக உடைந்தது.

"நீங்க பெரிய மனுஷன்" என்றாள் வெர்னா. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

புதன்கிழமை கடைசியாக ஒரு முறை இரண்டையும் இடம் மாற்றினார். வெள்ளிக்கிழமை தானம். கட்டையைத் தடவினார், கண்ணை மூடினார். தீயணைப்புப் படைத் தலைவர் தொப்பியைக் கழற்றினார். வெர்னா அதோடு ஒரு பெட்டி குண்டையும் சேர்த்துவைத்தாள். சனிக்கிழமை பகல் குலுக்கலில் ஒரு பல் வைத்தியருக்கு விழுந்தது. எல்டனிடம் முப்பது பேர் கை குலுக்கினார்கள். மறுநாள் காலை தேவாலயத்தில் பெயர் சொல்லி நன்றி சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெர்லுடைய கொட்டகைக்குப் போனார். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் துப்பாக்கி இல்லை. பையும் இல்லை. மெர்ல் வாசலில் நின்று பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா?"

"வெர்னா வந்திருந்தாங்க. வியாழக்கிழமை."

"வந்து?"

"'இது யாரோடது மெர்ல்'னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னோடதுன்னு சொன்னேன். நீதானே சொல்லச் சொன்னே?"

"சரி. அப்புறம்?"

"'அடடா, எல்டனோடது மாதிரியே இருக்கே, அவர் நாளைக்கு அதைத் தானம் பண்ணப் போறாரு, பாவம், இதை எனக்குக் குடுத்துருங்க'ன்னாங்க. ஹக்கிள்பெர்ரி ஜாம் ஆறு பாட்டில் கொண்டுவந்திருந்தாங்க."

"ஜாமுக்கா குடுத்தே? என் உயிரை ஜாமுக்கா குடுத்தே?"

"நான் யோசிக்கத்தான் செஞ்சேன் எல்டன். ஆனா பக்கத்துல என் வீட்டுக்காரி இர்மா நின்னுக்கிட்டிருந்தா. 'எனக்குத் தெரியாம உனக்கு எப்பய்யா ஒரு துப்பாக்கி வந்துச்சு'ன்னு கேட்டா. எங்க வீட்டுல ஆறுக்குத்தான் இடம். நான் என்ன பண்ணட்டும்? எடுத்துட்டுப் போங்கன்னு நானே வண்டியில ஏத்திட்டேன்." பூட்ஸைப் பார்த்தபடியே சேர்த்தார். "ஜாம் ரொம்ப நல்லா இருக்கு. ஒரு பாட்டில் வேணுமா?"

எல்டன் வேலியைத் தாண்டாமல் சாலை வழியாகவே நடந்து வீட்டுக்கு வந்தார். அலமாரியில் எட்டும் இருந்தன. கடைசிப் பள்ளத்தில் அவருடைய உயிர், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று நின்றது. வெர்னா கராஜ் மேஜையில் குண்டு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? மெர்ல்கிட்ட வாங்கினேன். உங்களோடது மாதிரியே இல்ல?"

"ம்."

"கீறல்கூட அதே இடத்துல. என்ன அதிசயம் பாருங்க."

எல்டன் வாயைத் திறந்தார். 'அது என்னோடது' என்று சொல்லலாம். சொன்னால் பல் வைத்தியர் வீட்டுக்குப் போனது எது என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் பதினோரு வாரக் கதையும் வெளியே வரும். ஊர் கழற்றிய தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளும். வாயை மூடிக்கொண்டார். மனசுக்குள் ஒரு ஆறுதல் மட்டும் மிச்சமிருந்தது. எப்படியோ, உயிர் வீட்டுக்கு வந்துவிட்டது.

"எனக்காகவா வாங்கினே?" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு எதுக்குங்க? நீங்கதான் ஊருக்கே குடுக்கற மனுஷனாச்சே. உங்களோடது ஏழு. இது என்னோடது. அடுத்த மாசம் கிளப் போட்டியில பெண்கள் பிரிவுல பேர் குடுத்திருக்கேன்."

அவள் ஒரு குண்டை அழுத்தி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒல்லிக் குண்டு.

"அந்த அழுத்தாத குண்டு மிச்சம் அம்பத்திமூணு இருந்துச்சு. எல்லாத்தையும் வெள்ளிக்கிழமையே பரிசோட சேத்து அனுப்பிட்டேன். அந்தக் குழலுக்கு அதுதானே பொருந்தும்?"

எல்டன் ஈயச் சட்டியின் கீழே அடுப்பைப் பற்றவைத்தார். போட்டிக்குப் பயிற்சி செய்ய ஐந்நூறு குண்டாவது வேண்டும் என்று வெர்னா சொன்னாள். நூறு குண்டு வார்த்து முடிக்கும்வரை பொறுத்துப் பார்த்தார். அப்புறம் முடியவில்லை.

"வெர்னா, அதை நான் எப்பவாவது ஒரு தடவை சுட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா" என்றாள் வெர்னா. "கேட்டுட்டு எடுங்க."