வடிவின் மடிக்கத்தி

ஆற்றின் மேல்கரையில் மேட்டுநாடு இருந்தது, கீழ்கரையில் கீழ்நாடு இருந்தது. இரண்டிலும் ஒரே மழைதான் பெய்தது. ஒரே மொழிதான் பேசினார்கள். பாலத்தின் நடுவில் ஒரு தடுப்புக் கட்டையைப் போட்ட பிறகுதான், தாங்கள் வேறு வேறு நாட்டுக்காரர்கள் என்பது சனங்களுக்கு உறைத்தது.

கீழ்நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் கும்பிடுவதில்லை, கட்டித் தழுவிக்கொள்வார்கள். பால்காரர் பால் ஊற்றுமுன் தழுவுவார். வழக்காட வந்தவர்கள்கூட எதிராளியைத் தழுவிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். தேர்தலும் தழுவலில்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பெருங்காவலர் பதவிக்கு நிற்பவர் திடலில் வந்து நிற்பார். குடிமக்கள் வரிசையாக வந்து அவரைத் தழுவி, அவர் மடியில் ஆயுதம் எதுவும் இல்லை என்று கண்டு, “எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் வாக்கு.

அப்போதிருந்த பெருங்காவலர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு வென்றவர். “அக்கரையிலிருந்து வருகிறார்களே, அவர்கள் மடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் பயந்தார்கள். பயந்ததால் அவரை இறுக்கித் தழுவினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுநாட்டு வளையல்காரி வடிவு, கீழ்நாட்டு மாசிலாமணியைக் கல்யாணம் செய்துகொண்டு பாலத்துக்கு வந்தாள். மாசிலாமணி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன். திருவிழாவில் அம்மாவுக்கு வளையல் வாங்க வந்தவன், அளவு சரியில்லை என்று மறுபடி மறுபடி வந்து நின்றான். அம்மாவின் கையை அளந்து வர மட்டும் ஒவ்வொரு முறையும் மறந்தான். வடிவுக்குப் புரிந்துவிட்டது.

அவள் மடியில் ஒரு சின்னக் கத்தி இருந்தது. தலையில் வளையல் மூட்டையோடு தனியாக மலைப்பாதையில் நடக்கிறவள். பெரும்பாலும் வளையல் சரத்தின் நூலை அறுக்கத்தான் அது உதவியது. ஒரே ஒருமுறை, அவள் கையைப் பிடித்த ஒருவன் அதைக் கண்டதும் பிடியை விட்டான். கத்தியின் பிடியில் செம்புக் கம்பி சுற்றி, முனையில் நீல வளையல் துண்டு ஒன்றைப் பதித்திருந்தாள். பார்க்காமலே கை அதை அடையாளம் கண்டுகொள்ளும். மறைகத்தி வைத்துக்கொள்ள மேட்டுநாடு கொடுத்த உரிமமும் அவளிடம் இருந்தது.

பாலத்தில் மறைவுத் துறை ஆணையர் தாண்டவனாரே உட்கார்ந்திருந்தார். வடிவு ஒளிக்காமல் சொன்னாள்.

“ஐயா, மடியில ஒரு கத்தி வச்சிருக்கேன். இதோ உரிமம்.”

“அக்கரை உரிமம் இங்கே செல்லாது, அம்மணி. தவிரவும், கத்தி இருப்பதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சொன்ன பிறகு அது மறைகத்தி ஆகாது, வெளிக்கத்தி. வெளிக்கத்திக்கு இந்நாட்டில் முற்றிலும் தடை.”

“அப்போ இங்கேயே கொடுத்துட்டுப் போறேன்.”

“ஒப்படைக்கும் உரிமை இந்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே.”

“நான் என்னதான் செய்யணும்?”

ஆணையர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பத்தடி பின்னால் போங்கள். மறுபடி வாருங்கள். நான் எதுவும் கேட்கமாட்டேன், நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம். குடியேறிய பின் முறைப்படி மனுச் செய்யுங்கள்.”

வடிவு பத்தடி பின்னால் போய்விட்டு மறுபடி வந்தாள். ஆணையர் முகம் மலர்ந்து, “கீழ்நாட்டுக்கு நல்வரவு” என்றார்.

வீட்டு வாசலில் மாமியார் மாடத்தி காத்திருந்தாள். உரத்த குரல்காரி. மனதில் பட்டதை வாயில் நிறுத்தத் தெரியாதவள். வந்த மருமகளை இரண்டு கையாலும் வாரி அணைத்தாள். அணைத்த கை இடுப்பருகே வந்ததும் நின்றது. “உள்ள வாட்டி” என்றாள். அன்றைக்குச் சோறு போடும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று போட்டாள்.

மனுச் செய்தபோது புது விதி வந்திருந்தது. நன்றாக மறைக்கத் தெரிந்தவருக்கே மறைகத்தி உரிமம் தரப்படும். ஆகவே, விண்ணப்பித்தவரிடம் கத்தி இருப்பது தங்களுக்குத் தெரியாது என்று அக்கம்பக்கத்தார் மூவரும், வீட்டார் ஒருவரும் சாட்சி சொல்லவேண்டும். ஆணையர் ஒவ்வொரு வாசலாகப் போய், “வடிவு என்பவரின் மடியில், செம்புக் கம்பியும் நீல வளையல் துண்டும் வைத்த கத்தி இருப்பது உங்களுக்குத் தெரியுமா?” என்று உரக்கக் கேட்டார். மூன்று வீட்டாரும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டார்கள். போட்ட கையோடு கதவைத் தாழிட்டார்கள்.

கடைசியில் மாடத்தியிடம் வந்தார்.

“எனக்குத் தெரியுமே” என்றாள் மாடத்தி.

“அம்மா!” என்றான் மாசிலாமணி.

“என்னலே அம்மா? அவ வந்த அன்னைக்கே என் கையில தட்டுப்பட்டுது. தெரிஞ்சதத் தெரியாதுன்னு எப்படிலே சொல்லச் சொல்லுத? வயசான காலத்துல பொய்யில கையெழுத்துப் போடவா?”

ஆணையர் அவள் சொன்னதை வரிக்கு வரி எழுதிக்கொண்டு, கத்தியையும் எடுத்துக்கொண்டார். வடிவின் பெயர் ஐயத்துக்குரியோர் பட்டியலில் ஏறியது. அடுத்த தேர்தலன்று பெருங்காவலரைத் தழுவி, குடிமக்கள் சொல்வதைச் சொன்னால் அவள் நிரந்தரமாகத் தங்கலாம். இல்லாவிட்டால் அக்கரைக்குப் படகேறவேண்டும், தனியாக. அதுவரைக்கும் ஒரு தற்காலிகச் சீட்டு.

வடிவு அன்று மாமியாரோடு பேசவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு ‘தெரியாது’. அதைச் சொல்ல மாமியாருக்கு வாய் வரவில்லையே என்று நினைத்து நினைத்துக் குமுறினாள். வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

இதற்குள் நாட்டில் சந்தேகம் நன்றாக வேர் பிடித்திருந்தது. வளையல்காரியிடமே கத்தி இருந்தால் பால்காரரிடம் என்ன இருக்கும்? சனங்கள் தழுவலைக் குறைத்தார்கள். தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மரபு அழிகிறதே என்று பெருங்காவலர் மிகவும் வருந்தி, தழுவலைக் கட்டாயமாக்கினார். இரு கைகளும் இடுப்புவரை இறங்கவேண்டும், தட்டுப்பட்டதை அன்றன்றே தெரிவிக்கவேண்டும், கணவன் மனைவிக்கும் விலக்கில்லை என்று ஆணை வந்தது.

ஒரு மாலை மாசிலாமணி கொடிக்காலிலிருந்து வந்து, அடுக்களையில் நின்ற வடிவைப் பின்னாலிருந்து அணைத்தான். வெற்றிலை வாசம் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கை மெல்ல இடுப்புக்கு இறங்கி ஒரு பக்கமும் தடவியது, மறுபக்கமும் தடவியது.

“தேடுறீங்களா?” என்றாள்.

“சேச்சே.”

“அப்புறம்?”

“சாவடில கேக்காங்க வடிவு. எழுதிக் கொடுக்கணும். உன் பேரு அந்தப் பட்டியல்ல வேற இருக்கு...”

“எழுதிக்கோங்க. ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கோங்க. நிஜமாவே இப்போ ஒண்ணும் இல்லை.”

அவன் கையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு வெகுநாள் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள், தொட்டுக்கொள்ளவில்லை. அவன் அன்பாக நீட்டிய கைகூட அவளுக்குச் சோதனையாகப் பட்டது. அவள் விலகியது அவனுக்கு எதையோ ஒளிப்பதாகப் பட்டது.

அடுத்ததாக, கத்தி இல்லாதவர்கள் எல்லாரும் கத்தியின்மைச் சான்று பெறவேண்டும் என்று ஆணை வந்தது. சான்று வாங்கக் கத்தியை ஒப்படைக்கவேண்டும். கத்தியே இல்லாதவர்கள் அரசுக் கொல்லுப்பட்டறையில் ஒன்று வாங்கி ஒப்படைக்கலாம். மாடத்தியும் வரிசையில் போய் நின்றாள்.

“வே, எங்கிட்டதான் கத்தி இல்லியே!”

“அதை நிரூபிக்கத்தான் அம்மா ஒன்று வாங்கச் சொல்கிறோம்” என்றார் பட்டறை அலுவலர்.

“வாங்குனா இருக்கும்லா வே?”

“இருக்கும். அதனால்தான் ஒப்படைக்கச் சொல்கிறோம்.”

“அந்தா அவரு ஒப்படைச்ச கத்தியத்தான எனக்கு விக்கீரு?”

“சிக்கனம் அம்மா. நாட்டுக்கு எத்தனை மிச்சம் தெரியுமா?”

மாடத்தி வாங்கிய கத்தியை அப்போதே ஒப்படைத்தாள். ஆனால் எல்லாரும் ஒப்படைக்கவில்லை. கையில் கத்தி வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கியிருப்பாரே என்ற நினைப்பும் வந்தது. பலர் அதை மடியிலேயே செருகிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் ஒரே ஒரு வளையல்காரி மடியில் இருந்தது இப்போது தெருவுக்குத் தெரு இருந்தது. நாடு இத்தனை ஆபத்தில் இருக்கும்போது காவலரை மாற்றக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

தேர்தல் நாள் வந்தது. பெருங்காவலர் பொன்கரைச் சால்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு திடலில் நின்றார். பக்கத்தில் எழுத்தர், அவருக்குப் பக்கத்தில் தாண்டவனார். ஆற்றங்கரையில் படகு ஆயத்தமாக இருந்தது. முன்னால் போனவர்கள் தழுவினார்கள், ஒரு கணம் தயங்கினார்கள், தலையைக் குனிந்துகொண்டு “எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டு விரைந்தார்கள். ஏன் தயங்குகிறார்கள் என்று வடிவுக்குப் புரியவில்லை. அவளுக்குப் பின்னால் மாசிலாமணி, அவனுக்குப் பின்னால் மாடத்தி.

“மத்தவங்க சொல்றதையே சொல்லிடு வடிவு” என்று மாசிலாமணி முணுமுணுத்தான். “நீ போயிட்டா நான் என்ன செய்வேன்?”

நெடுநாளைக்குப் பிறகு அந்தக் குரலில், திருவிழாவில் வளையல்காரியைத் தேடி மறுபடி மறுபடி வந்தவன் இருந்தான். வடிவு தலையாட்டினாள். முன்னே போய்ப் பெருங்காவலரைத் தழுவினாள். விதிப்படி கைகளை இடுப்புக்கு இறக்கினாள்.

செம்புக் கம்பி. அதன் முனையில் வழவழப்பான ஒரு துண்டு.

பார்க்கத் தேவையில்லை. அவள் கைக்குத் தெரிந்தது. நாட்டையே பயமுறுத்தியவர் நாட்டைப் பார்த்துத் தானும் பயந்திருக்கவேண்டும். பிடுங்கியும் ஒப்படைத்தும் சேர்ந்த கத்திக் குவியலில் கைக்கு அடக்கமாக இருந்ததை எடுத்துச் செருகிக்கொண்டிருக்கிறார்.

“என்ன தெரிந்தது?” என்றார் எழுத்தர் வழக்கம்போல.

வடிவு படகைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். ‘தெரியவில்லை’ என்று சொல்லத்தான் நினைத்தாள். அந்த ஒரு வார்த்தை நாக்கில் வந்து நின்றது. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அன்று மாமியாருக்கு வாய் வராதது ஏன் என்று அப்போது புரிந்தது.

“கத்தி இருக்கு. என்னோட கத்தி.”

எழுத்தர் எழுதுகோலைக் கீழே போட்டார். தாண்டவனார் மட்டும் பதறவில்லை. “அக்கரை உரிமம் செல்லாதது போலவே அக்கரைச் சொல்லும் இங்கே செல்லாது. இவரைப் படகில் ஏற்றுங்கள்.”

மாசிலாமணி வரிசையை விட்டு ஓடிவந்து பெருங்காவலரை ஒரே அணைப்பாக அணைத்தான். “எனக்கும் தெரியுது!” என்று கத்தினான்.

“ஐயத்துக்குரியவரின் கணவர். பாசத்தால் உளறுகிறார். அடுத்தவர்.”

அடுத்தவள் மாடத்தி. சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். பெருங்காவலரை அணைத்தாள். அவர் நெளிந்தார்.

“ஏ ஆத்தீ! இது எம் மருமவ கத்தில்லா! எம் மருமவ கத்தி உம்ம மடியில எதுக்கு வே இருக்கு?”

“அம்மணி, நன்றாக யோசித்து...”

“யோசிக்க என்ன இருக்கு? அன்னைக்கே தெரியும்னு சொன்னேன். நீருதான வே வரிவரியா எழுதுனீரு? அந்தக் கத்திய எனக்குத் தெரியும்னு உம்ம சாவடியிலயே எழுதியிருக்கு. எடுத்துப் பாரும்.”

தாண்டவனார் பட்டியலைப் புரட்டினார், மாடத்தியின் பெயர் அதில் இல்லை. கீழ்நாட்டில் பிறந்து, கத்தியின்மைச் சான்றும் பெற்ற குடிமகள். சொல் செல்லும். சொல்லிவிட்டதால் அது இனி மறைகத்தி இல்லை. வெளிக்கத்திக்கு இந்நாட்டில் முற்றிலும் தடை. பாலத்தில் அதைச் சொன்னவர் அவரேதான்.

மாடத்திக்குப் பின்னால் பால்காரர் நின்றிருந்தார். தழுவினார். தயங்கினார். வடிவைப் பார்த்தார். “எனக்கும் தெரியுதுய்யா” என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். காலையிலேயே சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து, சொன்னதை மாற்றவேண்டும் என்று வரிசையில் நின்றார்கள்.

சாயங்காலம் ஆணை வந்தது. ஆயுதம் இருப்பதைத் தெரிந்தவர்கள் நடுநிலை தவறியவர்கள் ஆகிவிடுவதால், அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. எழுத்தர் கழித்துக் கழித்துப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கு மிஞ்சியது. தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பெருங்காவலர் காலையில் முதல் ஆளாகப் போட்ட வாக்கு. அவர் ஏகமனதாக வென்றார். தெரிந்தவர்கள் அனைவரும் ஐயத்துக்குரியோர் பட்டியலில் ஏறினார்கள். எல்லாரையும் அக்கரைக்கு அனுப்பப் படகு போதாததால் வடிவும் தங்கிவிட்டாள்.

மறுநாள் வெற்றி ஊர்வலம் அவர்கள் தெருவழியாக வந்தது. வாசலில் மாடத்தி மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். கை தோளிலேயே இருந்தது, கீழே இறங்கவில்லை. பால்காரர் பக்கத்து வீட்டுக்காரரைத் தழுவினார். பெருங்காவலர் பல்லக்கிலிருந்து இறங்கி, சனங்களைப் பார்த்து இரு கைகளையும் அகல விரித்தார்.

யாரும் முன்னால் வரவில்லை. யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. அத்தனை பேரும் அவர் முகத்தை விட்டுவிட்டு அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சால்வையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.