கீழாநெல்லிக்கு நாலு மைல்

ஊரார் இடுப்பையெல்லாம் அளந்த அந்தத் தையல்காரர், தன் இடுப்பை மட்டும் அளந்ததே இல்லை. கால்சட்டை இறுகினால் தையலைப் பிரித்து அரை அங்குலம் விடுவார். "துணி சுருங்கிப்போச்சு" என்பார். சுருங்காமல் இருந்தது அவர் வயிறு ஒன்றுதான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், கல்லீரலில் கொழுப்பு என்றார். "தினமும் நடங்க. எடை குறையலேன்னா கல்லீரல் கெட்டுப்போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் சபதம் போட்டார். "செத்தாலும் நடக்கமாட்டேன். பச்சிலையாலேயே குணமாகிக் காட்டுறேன். கீழாநெல்லி கொண்டா!"

மனைவி சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் அவர் வயிற்றையே பார்த்தாள்.

"சரிங்க. ஆனா பழைய மதகுகிட்ட முளைக்கிறதுக்குத்தான் வீரியமாம்."

"அது ரெண்டு மைல் ஆச்சே! யார்கிட்டயாவது சொல்லிவிடு."

"நோயாளி கையாலதான் பறிக்கணுமாம்."

"ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் பறிச்சுடுறேன்."

"வாடினா வீண். தினம் பச்சையா வேணும்."

"சைக்கிள்ல..."

"சக்கரம் ஏறினா சாரம் இறங்கிடுமாம்."

நம்பிவிட்டார். மருந்து பறிக்கப் போவது நடையாகுமா என்ன? சபதமும் கெடவில்லை. தினமும் காலையில் பையோடு கிளம்புவார். போக ரெண்டு மைல், வர ரெண்டு மைல்.

அவர் கிளம்பும்போதெல்லாம் அவள் புழக்கடையில் துவைகல்லைச் சுற்றிக் களை பிடுங்கிக்கொண்டிருப்பாள். அவரைக் கண்டதும் பிடுங்கியதை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

"என்னடி, எப்பப் பாரு குனிஞ்சே கிடக்கே?"

"களைங்க. விட்டா வீட்டுக்குள்ளயே குடிவந்துடும்."

"உனக்கென்ன, நிழல்ல குனிஞ்சு நிமிர்ற வேலை. நாலு மைல் நடக்கிறவனைக் கேளு."

"ஆமாங்க" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்வாள். ஊர் இடுப்பெல்லாம் அளந்தவர், அந்த இடுப்பு வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எட்டு மாதத்தில் பிரித்த தையலையெல்லாம் மறுபடி பிடித்தார். கல்லீரலில் கொழுப்பு குறைந்திருந்தது. "நடந்ததாலதான்" என்றார் டாக்டர். "பச்சிலைங்க!" என்று மார்தட்டினார் இவர்.

"பாத்தியா, ஜெயிச்சது யாரு?" என்று மனைவியிடமும் கேட்டார்.

"நீங்கதான். உங்களை ஜெயிக்க ஆளுண்டா?" என்று சிரித்தாள்.

எடை குறைந்தும் அவர் நடையை விடவில்லை. வருஷங்கள் ஓடின. மூன்று நாள் காய்ச்சலில் அவள் முந்திக்கொண்டு போய்விட்டாள். அவர் வெளியே இறங்காமல் ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நல்ல மழை வேறு.

ஒரு காலையில், பழக்கத்தில் பையை எடுத்தார். கொடியில் கிடந்த துண்டுக்காகப் புழக்கடைப் பக்கம் போனார். துவைகல்லைச் சுற்றிக் களை மண்டியிருந்தது. முதல் தடவையாக அங்கே குனிந்து, ஒன்றைப் பிடுங்கி இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வரிசையாகக் கடுகு போலக் காய்கள்.

அத்தனையும் கீழாநெல்லி.

கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, சமையலறை வாசற்படியிலிருந்து அந்தச் செடிவரை அளந்தார்.

பதினோரு அடி.