முன்முடி வெட்டக் கற்கப் புகுந்த படலம்

வாழி! திருகாணித் தொழிற்சாலையின் தரப் பரிசோதகர் வாழி! பெட்டிக்கு ஒன்றெடுத்து, அந்த ஒன்றில் நூலிழை பிசகு கண்டாலும் பெட்டியையே திருப்பியனுப்பும் பெருந்தகை, சரக்கு கொணர்வோர் கண்டஞ்சும் தடிக்கண்ணாடிக் காவலர், பிழைபொறாப் பெம்மான் வாழி! அன்னார் தம் வீட்டுக் கூடத்தில், நாற்காலியை விட்டெழாமலே ஆற்றிய அறப்போரைப் பாடுவாம். சிரிப்பு வருவோர் வாய்பொத்திக் கேட்பீராக.

போருக்குக் காரணம் ஒரு முன்முடி. பெருமானின் சின்ன மகளுக்கு மறுநாள் பள்ளியில் போட்டோ. சென்ற ஆண்டுப் படத்தில் நெற்றியிலிருந்து இறங்கிய கூந்தற்கானகம் விழியிரண்டையும் விழுங்கிவிட, "இது யாரு?" என்று வகுப்பே கேட்டதும், குழந்தை வீடு வரும்வரை அழுததும் ஊரறியும். முடிதிருத்தும் கடையோ அன்று விடுமுறை. மகளின் கழுத்தில் துண்டு கட்டி முக்காலியில் அமர்த்திய வீரர், கத்தரிக்கோல் உயர்த்தி முழங்கினார்: "ஆன்லைன்ல எல்லாம் சொல்லித் தர்றாங்க. நல்ல கோர்ஸா ஒண்ணு பாத்து, கத்துக்கிட்டு, அப்பாவே வெட்டுறேன்!"

அங்கேதான் சனி பிடித்தது. ஆலை விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நட்சத்திரப் பதக்கம் பூண்டு, சான்றிதழ்க் கொடி பறக்க, 'ஒரே நாளில் வல்லவராகலாம்' என்று முரசறைந்து கைப்பேசிக் களம் புகுந்த வகுப்புப் படைகள் ஒவ்வொன்றிலும், நடுவிலிருந்து ஒரு பாடத்தை உருவியெடுத்து ஆராய்ந்தார். சீப்பைத் தலைகீழாகப் பிடித்த சிகையலங்கார வேந்தர் முதலில் வீழ்ந்தார். அருமையாகக் கற்பித்த அம்மையார் ஒருவர், பின்னணியில் நாய் குரைத்த குற்றத்துக்காக வகுப்போடு சாய்க்கப்பட்டார். மாணவர் புகழுரை அத்தனையும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கக் கண்டு இன்னொரு பெரும்படையைப் புறமுதுகிட வைத்தார். அது மட்டும் நியாயம்தான், நாமே ஒப்புக்கொள்கிறோம்.

"அப்பா, கழுத்து அரிக்குது" என்றாள் மகள்.

"அவசரப்பட்டா தரம் போயிடும், கண்ணு!" என்று கர்ஜித்தது சிங்கம்.

பொழுது சாய்கையில், வீழ்ந்தோர் நடுவே ஒரே ஒரு வகுப்பு பிழையின்றி நிமிர்ந்து நின்றது. ஒலி தெளிவு, ஒளி தெளிவு, சொல் சுத்தம், சீப்பும் நேர். வென்றேன் வென்றேன் என ஆர்ப்பரித்துச் சேர்ந்து, முதற்பாடத்தைத் திறந்தார். 'முதல் மாதம் யாரும் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது. முடியின் வேரைப் பற்றி மட்டும் படிப்போம்' என்றது அது.

அஞ்சாநெஞ்சர் அயர்ந்தார். மகளின் கீழுதடு மெல்லப் பிதுங்கத் தொடங்கியது. மலைமலையாய்ப் பெட்டிகளைத் திருப்பியனுப்பிய மாபெருங்கரம் அந்த ஓர் உதட்டின்முன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டது, பாவம். அக்கணம் வாயிற்கதவம் திறக்க, வேலை முடித்து வந்த இல்லத்தரசியார் மகளையும், துண்டையும், கத்தரிக்கோலையும், கடைசியாகக் கணவரையும் நோக்கியருளினார்.

கைப்பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து, முடியை ஒதுக்கிக் குத்திவிட்டார்.