சண்முகராஜா போட்ட விசில்

இன்னைக்கு எவன் மறிச்சாலும் யட்டவத்தைக்குப் போயே தீருவேன்னு சண்முகராஜா கண்ணாடி முன்னால நின்னு சபதம் போட்டாரு. கண்ணாடி ஒண்ணும் சொல்லல. அந்த வீட்டுல அவர எதிர்த்துப் பேசாத ஒரே சாமான் அதுதான். பேருலதான் ராஜா. ஆட்சி பூராவும் சம்சாரம் இராஜகுமாரியோடது.

யட்டவத்தையில வொலிபோல் ஃபைனல். பக்கத்து வீட்டு ரமணன் ஓட்டோவக் கொண்டாந்து வாசல்ல நிப்பாட்டியிருந்தான். சண்முகராஜா செருப்ப மாட்டுற நேரம் பாத்து உள்ளேயிருந்து குரல் வந்துச்சு.

"என்னங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மா... காத்து வாங்கலாம்னு."

"காத்து வாங்கவா இவ்வளவு சென்ட்டு? குக்கர்ல கடலை வச்சிருக்கேன். நான் தைக்கிற மும்முரத்துல விசில எண்ண மறந்துருவேன். அங்கனயே உக்காந்து எண்ணுங்க. அஞ்சு வந்ததும் சத்தம் குடுங்க, நான் அடுப்ப அணைக்கிறேன். அதுக்கப்புறம் காத்து வாங்குவீங்களோ, புயல் வாங்குவீங்களோ, உங்க இஷ்டம்."

வேற வேலைன்னா சண்டைக்கு நின்னிருப்பாரு. குக்கர்னதும் அடங்கிட்டாரு. மனுசன் எட்டாங்கிளாஸத் தாண்டல. ஆனா ஒரு நல்ல சாமானக் கண்டா அப்படியே சொக்கிப்போவாரு.

"டேய் ரமணா, இந்தக் குக்கரக் கண்டுபிடிச்சவன் என்னா மூளைக்காரன்டா! ஆவி ஏற ஏற மூடி தானா இறுகுது. பூட்டுமில்ல, சாவியுமில்ல. ஒரே ஒரு றப்பர் வளையம்! தாங்க முடியாமப் போனா வெடிக்கவும் மாட்டேங்குது. விசில் அடிச்சு மனச ஆத்திக்கிட்டு மறுபடி வேலையப் பாக்குது. அவன் கட்டாயம் கல்யாணம் கட்டினவன்டா!"

"அது சரிண்ணே. மெட்ச் தொடங்கப் போவுது. லேட்டாச்சுன்னா கடைக்காரத் தர்சன உங்க சீட்டுல ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

சண்முகராஜா உள்பக்கம் திரும்பினாரு. காதத் தீட்டிப் பாத்தாரு. குசினியில குக்கர் மூச்சே விடல.

இதுக்குப் போய் அசர்ற ஆளா அவரு? மாத்தளை பஸ் ஸ்டேண்ட்ல ஒருநாள் "நாலந்த, நாலந்த, கலேவெல!"ன்னு கண்டக்டர் குரல்ல கத்தி, பஸ்ஸே இல்லாத பக்கம் ஒரு கும்பலையே ஓட வச்சவரு. லொறி ரிவர்ஸ் எடுக்குற சத்தத்த வாயில போட்டா பொலிஸ்காரரே ஒதுங்குவாரு.

கையக் குவிச்சு வாயில வச்சாரு.

"உஸ்ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்ஸீய்ய்ங்!"

தையல் மிஷின் நின்னுச்சு.

"ஒண்ணாங்க?"

"ஒண்ணு!"

மிஷின் திரும்ப ஓடுச்சு. ரமணன் ஓட்டோவுக்குள்ள குப்புற விழுந்து சிரிச்சான்.

ரெண்டு போச்சு. மூணும் போச்சு.

"என்னங்க, குக்கருக்கு இன்னைக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

"புது றப்பர் போட்டோம்ல ராஜி! சாமான் அப்படி!"

"ஆமாங்க. சத்தம்கூட என்னா கணீர்னு இருக்கு! இத்தன நாளும் இப்படி அடிச்சதேயில்ல. கொஞ்சம் இழுத்து அடிச்சா இன்னும் நல்லாருக்கும்."

பாராட்டுன்னு வந்துட்டா எந்தக் கலைஞன் சும்மா இருப்பான்? நாலாவது விசில நல்லா இழுத்தாரு. கடைசியில, தண்ணி தெறிச்சு அடுப்புல சுர்ருங்கிற சத்தத்தையும் சும்மா எனாமாச் சேத்துவிட்டாரு. அஞ்சாவதுக்கு எதிர்வீட்டு நாய் எந்திரிச்சு நின்னுச்சு.

"அஞ்சு! ராஜி, அணைச்சிரு! நான் வாறேன்!"

ஒரு கால் ஓட்டோவுல. ஒரு கால் ரோட்டுல.

இராஜகுமாரி நிதானமா வாசலுக்கு வந்தாங்க. பொத்தியிருந்த கைய விரிச்சுக் காட்டினாங்க. அதைப் பாத்த ரமணன் மறுபேச்சுப் பேசாம, "டேய் தர்சா, வந்து ஏறுடா!"ன்னு கடைப்பக்கம் கத்தினான்.

"ஆவி வரட்டும், அப்புறம் போடலாம்னு இருந்தேங்க. உங்க குக்கர் அதுக்குள்ள அஞ்சு விசில் அடிச்சிருச்சு. ஆனா வெயிட்டு இன்னும் என் கையிலதான் இருக்கு. இப்பத்தான் கொண்டுபோய்ப் போடப் போறேன். நீங்க வெயிட் பண்ணுங்க."