ஸ்டோர்கீப்பர் எடுத்த இங்கிலீஷ் வகுப்பு

மனைவிக்கு இங்கிலீஷ் இலக்கணம் கற்றுக்கொடுத்தே தீருவது என்று ஸ்டோர்கீப்பர் முடிவு செய்தார். தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவருக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை.

விஷயம் இதுதான். பம்பு கம்பெனியில் தலைமை ஸ்டோர்கீப்பர் நாற்காலி காலி. கைவைத்த நாற்காலி, தலைக்கு மேல் தனி மின்விசிறி என்று வீட்டிலும் ஓயாமல் அதே பேச்சு. வேண்டுமென்கிறவர்கள் இங்கிலீஷில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நம்மவரோ இருபது வருஷமாகப் பெட்டி மேல் இருக்கும் இங்கிலீஷை அச்சுப் பிசகாமல் ரெஜிஸ்டரில் ஏற்றியவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அர்த்தம் கேட்டால் மட்டும் கோபம் வரும். "பெட்டி மேல இருக்கறத எழுதறதுதான் என் வேலை. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறது என் வேலை இல்ல" என்பார்.

மனைவி கல்யாணத்துக்கு முன் ஒரு வக்கீல் ஆபீஸில் நாலு வருஷம் டைப் அடித்தவள். அவளிடம் போய் "சொல்லிக்கொடு" என்று நிற்பதா? மீசை எதற்கு இருக்கிறது? வாத்தியாராக உட்கார்ந்து, அவளை எழுதவைத்து, அதைச் சத்தமில்லாமல் சுட்டுவிடுவது என்று திட்டம் போட்டார். ஒரு இலக்கணப் புத்தகமும் வாங்கிவந்தார்.

சாப்பாட்டு மேஜையில் வகுப்பு தொடங்கியது.

"வாக்கியத்துல மொதல்ல வர்றது எழுவாய்."

"அப்படின்னா?"

"வேலை செய்யறவங்க."

"விடியறதுக்கு முன்னாடி எழற நான்தானே?"

"குறுக்க பேசாத. நம்ம பாஷையில வினை கடைசியில வரும். இங்கிலீஷ்ல எழுவாய் பக்கத்துலயே வந்து ஒட்டிக்கும்."

"சரியாத்தான் இருக்கு. வேலை என்னை விட்டு எங்க நகருது? கடைசியில யாரு?"

"செயப்படுபொருள். அது எதுவும் செய்யாது. அடுத்தவங்க செய்யறது அதுக்கு வந்து சேரும்."

"உக்காந்த இடத்துக்கே காபி வர்ற மாதிரி?" மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாப் புரிஞ்சுபோச்சுங்க."

உள்ளறையிலிருந்து அவருடைய அப்பாவின் குரல் வந்தது. "சாப்பாடு ஆச்சாம்மா?"

"இதோ மாமா!" என்று எழுந்தவள், "கல்யாணமானதுலேர்ந்து எங்க அக்கா வீட்ல ஒருநாள்கூடத் தங்கினதில்லீங்க. பத்து நாள் லீவு போட்டு மாமாவைப் பார்த்துக்குங்களேன்" என்றாள்.

"லீவா? மேனேஜர் கடிச்சுக் குதறிடுவார். நீ வீட்டுப்பாடத்தை எழுது. மேனேஜருக்கு ஒரு பக்கம் லெட்டர்."

"என்னன்னு எழுத?"

"உன் மனசுல என்ன தோணுதோ அது."

"நிஜமாவா?"

"வாத்தியார் சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் காகிதத்தை எடுத்து, ஒரு புள்ளி விடாமல் நகல் எடுத்தார். அடியில் கையெழுத்துக்கு இடம்கூட விட்டிருந்தாள். பாவம், வெகுளி என்று சிரித்துக்கொண்டே தன் கையெழுத்தைப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க. மத்த ஏழு பேரும் பசுமாட்டைப் பத்தி எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் மனசைத் தொட்டீங்க. நாற்காலி உங்களுக்குத்தான்."

ஸ்டோர்கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை.

"லீவும் கொடுத்தாச்சு. இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்தே எடுத்துக்குங்க."

"எந்த லீவு சார்?"

"அடக்கத்தைப் பாருய்யா!" மேனேஜர் காகிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "'பதினாறு வருஷமாக என் மனைவி ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை. அவள் கேட்டபோதெல்லாம் உங்கள் மேல் பழி போட்டுத் தப்பித்தேன். வெட்கமாக இருக்கிறது. பத்து நாள் அவள் அக்கா வீட்டில் இருக்கட்டும். சமையலையும் அப்பாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.' வீட்ல படிச்சுக் காட்டினேன், என் சம்சாரம் அழுதுட்டா. சொந்தமா எழுதினதுதானே?"

இல்லை என்றால் நாற்காலி போச்சு. ஆமாம் என்றால் பத்து நாள் அடுப்படி.

"ஆமா சார்" என்று மென்று விழுங்கினார்.

வீட்டு வாசலில் பெட்டி தயாராக இருந்தது. முந்தாநாளே கட்டிவிட்டாளாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு பக்கம் சொன்னேனே! உங்க கையாலயே எழுதினீங்களே!"

"எழுதினேன். படிக்கலையே!"

"பெட்டி மேல இருக்கறத எழுதறதுதானே உங்க வேலை?" அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "அடுப்பு பத்தவைக்கறதுலேர்ந்து மாமாவுக்கு எது எப்ப வேணுங்கற வரைக்கும் எழுதி மேஜை மேல வச்சிருக்கேன். எல்லாம் இங்கிலீஷ்ல. தலைமை ஸ்டோர்கீப்பருக்கு அதுதானே மரியாதை?"

கதவு சாத்திக்கொண்டது. அவர் அந்தக் காகிதத்தையும் இலக்கணப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"சாப்பாடு ஆச்சா?"

செயப்படுபொருள் எழுந்து அடுப்படிக்குப் போனது.